ஆக்னஸ் சுண்டிப் பார்த்த கண்ணாடித் தட்டு

விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் ஆக்னஸுக்கு இருபத்தாறு வருஷம் ஒரே வேலை. சூளையிலிருந்து வரும் ஃப்யூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். கண்ணுக்குத் தெரியாத கீறலும் அவள் காதுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அந்தப் பாழாய்ப்போன காதுதான் அக்காவை அவளிடமிருந்து பிரித்தது.

அம்மா பங்குச் சாமியார் வீட்டில் சமைத்தவள். அங்கிருந்து வந்த பழைய ஃப்ரிட்ஜில், ஐஸ் பெட்டிக்கு அடியில் செருகும் கண்ணாடித் தட்டு இரண்டு இருந்தன. ஒன்று ஃப்ரிட்ஜோடு வந்தது, மற்றது மாற்றுக்கு வாங்கியது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான். அம்மா பால் ஐஸ் ஊற்றிக் கொடுத்த பழைய தட்டு மூத்தவள் ரோசிக்கு என்று சாகும்போது சொல்லிவிட்டுப் போனாள். ஆக்னஸ் இரண்டையும் சுண்டிப் பார்த்தாள். கணீரென்றதுதான் அசல், பழையது என்று அக்காவிடம் கொடுத்தாள். மொத்தென்றதைத் தான் வைத்துக்கொண்டாள். நல்லதைக் கொடுத்தோம் என்ற நிறைவு வேறு.

அடுத்த கோடையில் ரோசியின் தட்டு கைதவறி விழுந்து கல் உப்பாகச் சிதறியது. பழைய கண்ணாடி இப்படி உடையாது என்று யாரோ சொல்ல, "அம்மா தட்ட அமுக்கிக்கினா" என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள் ரோசி. ஆக்னஸ் விடுவாளா? மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தியைப் பிடித்து, பழையதைத்தான் கொடுத்தேன் என்று சத்தியம் செய்தாள். பதினோரு வருஷம் பேச்சில்லை.

போன மாதம் பழைய சாமான் வாங்கும் மாணிக்கவேல், மூலையில் கிடந்த ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்தார். தட்டைத் திருப்பி அடியில் அப்பியிருந்த கறையைச் சுரண்டினார்.

"இங்க பாருங்க, ஓரத்துல அச்சு சேர்ந்த கோடு. அடியில பதிஞ்ச முத்திரை, கதவுலயும் இதான் இருக்குது. கண்ணாடிய அச்சுல ஊத்தி அமுக்குனது. ஃப்ரிட்ஜோட வந்ததுங்க."

"மொத்துன்னு கேக்குதுங்களே?"

"தடிச்ச கண்ணாடி அப்படித்தாங்க கேக்கும்."

அப்படியென்றால் அக்காவுக்குப் போனது மாற்றுத் தட்டு என்று ஆக்னஸுக்கு உறைத்தது. மாதா முன்னால் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறோம். தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ் பிடித்து அக்கா இருக்கும் மங்கலம்பேட்டைக்கு ஓடினாள்.

படுத்த படுக்கையாய்க் கிடந்த ரோசி தட்டை வெகுநேரம் தடவினாள்.

"கடைசில ஒத்துக்கினியே, அது போதும்."

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. சத்தத்த வச்சு ஏமாந்துட்டேன்."

சத்தியம் என்றதும் ரோசி சிரித்தாள். "மயிரளவு கீறலக் கண்டுபிடிக்கற காதுடி ஒன்னுது. அது ஏமாறுமா?"

அந்தக் காதைப் பற்றி அக்காவிடம் வருஷக்கணக்காகப் பீற்றிக்கொண்டவள் ஆக்னஸ்தான்.