நாற்பத்து நான்காவது முக்கோணம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் துரை தொலைபேசியில் அழைத்தார். "வனஜாம்மா போயிட்டாங்க சார். காப்பி போட எழுந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். அவர் குரல் தழுதழுக்கவில்லை. அது ஏன் என்பது வனஜாவின் தியான வகுப்புக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வனஜா அரசு அலுவலகத்தில் நில வரைபடங்கள் வரைந்தவர். ஓய்வுக்குப் பிறகு அடி அண்ணாமலையில் தம் வீட்டு முன்னறையில், ஸ்ரீசக்கரத்தைப் பார்த்துத் தியானிக்கக் கற்றுக்கொடுத்தார். மந்திரம் கேட்டு வந்தவர்களிடம், "எனக்குக் கோடுதாங்க தெரியும்" என்பார். வெளிச் சதுரம், தாமரை இதழ்கள், முக்கோணங்கள், நடுப்புள்ளி என்று கண்ணை மெல்ல உள்ளே கொண்டுபோக வேண்டும். மனம் ஓடினால் அதோடு மல்லுக்கட்டாமல் மறுபடி சதுரத்திலிருந்து வர வேண்டும். அவர் கையால் வரைந்து அச்சிட்ட படம் உங்களில் பலர் வீட்டில் இருந்தது.

துரை ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இறந்தபின், கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் தெரிகிறது என்று வந்தவர். ஓராண்டு உட்கார்ந்தபின் கட்டில் போய்ப் புள்ளி தெரிந்தது. தூக்கமும் வந்தது.

ஒருநாள் அவர் தயங்கியபடி, நாற்பத்து மூன்று சிறு முக்கோணங்கள் இருக்க வேண்டிய படத்தில் தமக்கு நாற்பத்து நான்கு வருவதாகச் சொன்னார். "டிக்கெட் எடுக்காம ஒண்ணு ஏறியிருக்கும், கண்டக்டரே" என்றார் வகுப்புக்கு வரும் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். வனஜா மட்டும் எழுந்துபோய்ப் பூதக்கண்ணாடி எடுத்துவந்தார். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடத்தில் கடுகளவு இடைவெளி இருந்தது. அதுதான் அந்தக் கூடுதல் முக்கோணம்.

காரணத்தையும் அவரே சொன்னார். நிலத்தைச் சுற்றி அளந்து வரைந்தால் கடைசிக் கோடு தொடங்கிய இடத்தில் துல்லியமாகச் சேராது. அந்தப் பிழையை எல்லாக் கோடுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து சரிக்கட்டுவது அவர்கள் தொழில்முறை. பழகிய கை இங்கேயும் அதையே செய்துவிட்டது. "நிலத்துக்கு அது நியாயம். இதுக்கு இல்ல" என்றார்.

சத்தமில்லாமல் புதுப் படம் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னோம். அவர் புதிதாக வரைந்து, வீடு வீடாகப் போய், தப்பு தம்முடையது என்று சொல்லிப் பழையதை வாங்கிவந்தார். சிலர் அதோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நான் உடன்போன அன்று, துரை தர மறுத்தார்.

"இத எடுத்துனு போயிட்டா நான் எதப் பாத்துனு உக்கார்றது? அந்தக் கட்டிலு திரும்ப வந்துட்டா?"

"படம்தாங்க தப்பு. நீங்க உக்காந்தது தப்பில்ல. உக்காரக் கத்துக்கிட்ட ஆளு இங்கதான இருக்காரு?"

வனஜா பழையதைப் பிடுங்கவில்லை. அதன் பக்கத்தில் புதியதை மாட்டிவிட்டு, தினமும் காலையில் அவர் வீட்டுக்கு நடந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டில் திரும்பத்தான் வந்தது. துரை சதுரத்திலிருந்து மறுபடி தொடங்கினார். ஒரு மாதம் கழித்துப் பழைய படத்தைத் தாமே கழற்றிக் கொடுத்தார்.

அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தருவதற்கு முன் வனஜா அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாளிதழில் திருத்தங்களை உள்பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டுப் பழகியவன் நான். தியானத்துக்குச் சரியான படம் வேறு இருக்கிறது. இது என் எழுதுமேசைக்கு எதிரே இருக்கிறது. எழுதியதை அனுப்புவதற்கு முன் ஒருமுறை இதைப் பார்க்கிறேன்.