காக்கைக்குப் பசிக்கவில்லை

நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தலையணையையும் கையில் கொடுத்தார். இருமினாலும் தும்மினாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டுமாம், தையல் தாங்குவதற்கு. சிரிப்பைப் பற்றி அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லாததால் நானும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்த மறுநாளே அது தெரிந்துவிட்டது. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் என்னோடு காலமெல்லாம் வேலை பார்த்த நண்பன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். தலையணையோடு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, "என்னடா, பிள்ளை பெத்தவ மாதிரி உக்காந்திருக்க. பொண்ணா, பையனா?" என்றான். சிரித்துவிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, நீங்க தினம் வாங்க, காபி குடிங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க. இவரைச் சிரிக்க மட்டும் வைக்காதீங்க."

அதன் பிறகு அவன் தினமும் காலையில் வந்து, துக்கம் கேட்க வந்தவன் போல உம்மென்று உட்கார்ந்திருந்தான். அந்த மூஞ்சியைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வந்தது. வந்தவுடன் என் அறைக்கு வர மாட்டான். "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று நேரே மொட்டை மாடிக்குப் போய்விடுவான். சிரிப்பை அங்கே இறக்கி வைத்துவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொழுது போக ஜன்னல் இருந்தது. வெளியே முருங்கை மரம், அதில் நாள் முழுவதும் சொத்துத் தகராறு செய்யும் மைனாக்கள், நடுவர் போல வாலைத் தூக்கிக் கத்தும் அணில். உயிரோடு இருப்பது நல்ல விஷயம்தான் என்று தோன்றும், சாப்பாட்டு நேரம் வரும் வரை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் அது என் தட்டிலே. "நீ மட்டும் உப்பும் உறைப்புமா நல்லா சாப்பிடு" என்று தினமும் மனைவியைக் குத்துவேன். நான் கண்ணயர்ந்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறவள் அவள். என் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவள் ஜீயபுரத்துக்காரி. காக்கைக்கு ஒரு பிடி பருப்புச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் அவர்கள் வீட்டில் யாரும் இலையில் உட்காருவார்கள். மாத்திரைக்காரன் என்பதால் எனக்கு விலக்கு. எங்கள் மாடிக்கு வாடிக்கையாக வருவது ஒரு கால் மடங்கிய காக்கை. அது என் அம்மாதான் என்பது அவள் முடிவு. அந்தக் காக்கை திடீரென்று சோற்றைத் தொடாமல் போயிற்று. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, சோற்றைப் பார்த்து, தலையைச் சாய்த்து, பறந்துவிடும்.

"எங்கம்மா உயிரோட இருக்கிறப்பவே உன் சமையலைத் தொட்டதில்ல" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று மணி, நான்கு மணி வரை பட்டினி கிடந்தாள். ஒரு நாள் விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர்தான். ஏன் என்று கேட்டால், "பசிக்கல" என்பாள். எனக்குப் புரியாமலா இருக்கும்? முன்னோர் சோற்றை ஒதுக்கினால் வீட்டில் யாருக்கோ ஆகாது என்று அவளுக்குப் பயம். அந்த யாரோ நான்தான். அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, காக்கை மேல்.

மெதுவாக மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அந்தக் காக்கையை நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். நண்பன் வழக்கம்போல் முன்னாலேயே மேலே போயிருந்தான். தலையணையை அணைத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, பூனை மாதிரி ஏறினேன்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் எண்ணெய் ஊறிய பொட்டலத்தில் சூடான மெதுவடை. எதிரே அந்தக் கால் மடங்கிய காக்கை. வடையைப் பிய்த்துத் தனக்கு ஒரு துண்டு, அதற்கு ஒரு துண்டு என்று வைத்தபடி, "கேளு, அந்தப் போர்மேன் ரெண்டு செருப்பையும் மாத்திப் போட்டுக்கிட்டு வந்த கதை தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சொல்லக் கூடாத கதைகளையெல்லாம் தினமும் காக்கையிடம் கொட்டியிருக்கிறான். அவன் வீட்டில் கொழுப்பு என்று வடைக்குத் தடை. எனக்கு எதிரில் தின்ன மனசில்லை. அதனால் மாடி.

என்னைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆனான். வாய் நிறைய வடை. விழுங்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. நான் தலையணையை நசுக்கிக்கொண்டு சிரித்தேன். வலித்தது, நிறுத்த முடியவில்லை. என் சத்தத்தை வேறு மாதிரி நினைத்து, மனைவி கரண்டியோடு மேலே ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், இன்னொரு துண்டுக்காகக் காத்திருந்த காக்கையைப் பார்த்தாள்.

"அப்ப அதுக்கு வயிறு நிறைஞ்சுதான் வேணாம்னுச்சா?" என்றாள். "நான் இவரைக் கூப்பிட வந்திருக்குன்னு நினைச்சேன் அண்ணே."

அவன் பொட்டலத்தை அப்படியே கீழே வைத்தான். "தங்கச்சி, வா, முதல்ல சாப்பிடு" என்று எங்களை இறக்கிக் கூட்டிவந்து, தானே அடுப்படிக்குள் போய் அவளுடைய தட்டில் சோறும் குழம்பும் போட்டான். குழம்பு ஆறிவிட்டதா என்று ஒரு சொட்டு நக்கிப் பார்த்தவன் முகம் மாறியது.

"உப்பே இல்லையே. இது அவன் குழம்புல்ல?"

"ஒரே குழம்புதான். இவருக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா வைப்பாங்க?" என்றாள், தட்டை வாங்கிக்கொண்டே.

நான் தினமும் குத்திய குத்தெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. எழுந்து, அலமாரியில் ரவை டப்பாவுக்குப் பின்னால் எனக்குத் தெரியாமல் அவள் ஒளித்து வைத்திருந்த உப்பு ஜாடியை நேராகப் போய் எடுத்தேன்.

"அது அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தட்டில் ஒரு சிட்டிகை போட்டேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே பிசைந்து ஒரு வாய் வைத்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள், ஆஸ்பத்திரி நாட்களில் அழாததையெல்லாம் சேர்த்து. நான் தலையணையை அவளிடம் கொடுத்தேன்.