தலைகீழாக நின்ற ஜாம்

கிளெண்டா லெவிட் கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டாள். நேராகப் பின்பக்கம்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பொடி எழுத்தை உதடு அசையப் படிப்பாள். "முன்னாடி எல்லாமே சிரிக்கும் நோரீன், பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்பாள் என்னிடம். நான் முர்ரேயின் மளிகைக் கடையில் கல்லாவில் நிற்பவள். அவள் படித்து முடிப்பதற்குள் வரிசை கதவு வரை நீண்டுவிடும். அவளுக்கு என்ன அவசரம்? பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சாலையில் எல்லா வண்டியும் தனக்காக நின்றே பழகியவள்.

எங்கள் ஊர் கனடாவில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் ஓரத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் அமெரிக்கா, மேய்ன் மாநிலம். அந்தக் குளிர்காலம் வரை அதை வேறு நாடு என்று நாங்கள் பெரிதாக நினைத்ததில்லை. பெட்ரோல் போட, பால் வாங்க, பெண் எடுக்க, பெண் கொடுக்க எல்லாவற்றுக்கும் அக்கரைதான். கிளெண்டாவும் வியாழன் தவறாமல் போய் வண்டி நிறையச் சீஸ் வாங்கி வந்தவள்தான். இதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, சொல்கிறேன்.

பிறகு அவர்கள் எங்கள் சரக்குக்கு வரி போட்டார்கள். பதிலுக்கு எங்கள் அரசாங்கம் அவர்கள் சரக்குக்குப் போட்டது. போதாததற்கு எங்கள் நாட்டையே விழுங்கிவிடுவதாக அக்கரையிலிருந்து பேச்சு வேறு. ஊருக்கே ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கிளெண்டாவுக்குக் கேட்க வேண்டுமா?

"இனிமே பாலத்துப் பக்கம் யாரும் தலைவச்சும் படுக்கக் கூடாது" என்று கடை நடுவில் நின்று சொன்னாள், பேருந்தில் பின்சீட்டுப் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில். "லெட்யூஸ் இல்லாட்டி என்ன, முட்டைக்கோஸ் இருக்கு. ஆரஞ்சு வேணும்னா ஸ்பெயின்ல இருந்து வர்றத வாங்கு, இல்ல நம்ம ஆப்பிளக் கடி. விலை ஜாஸ்தியா இருந்தா கொஞ்சமா வாங்கு. கல்லாவுல நிக்கிறவகிட்ட எரிஞ்சு விழாதே, வரி போட்டது அவ இல்ல." கடைசி வாக்கியத்துக்காக அவளை நான் கட்டிக்கொள்ளாத குறை.

நாடு முழுக்க அப்போது ஒரு வழக்கம் கிளம்பியிருந்தது. அலமாரியில் அமெரிக்கச் சாமானைக் கண்டால் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுவது. அடுத்து வருகிறவர் பொடி எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, தலைகீழாக நின்றால் தொடாமல் போய்விடலாம். எங்கள் ஊரில் அதை ஆரம்பித்தவள் கிளெண்டா. காலையில் கடை திறந்ததும் வந்து வரிசை வரிசையாகக் கவிழ்ப்பாள். முர்ரே இரண்டு நாள் முணுமுணுத்தான். பிறகு அவனும் வாயை மூடிக்கொண்டான்.

மார்ச் மாதம் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. முடிந்து, நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்று பார்த்தேன். ஜாம் வரிசையில் புளூபெர்ரி ஜாம் பாட்டில்கள் அத்தனையும் தலைகீழாக நின்றன. 'பழைய பாலம்' என்று அழகாக ஒரு பெயர்.

"இதை யாருடி கவுத்தது?"

"நான்தான்" என்றாள் கிளெண்டா, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி. "பேரப் பாத்து ஏமாந்துடாதே. பின்னாடி மேய்ன் விலாசம் போட்டிருக்கு."

"அடிப் பாவி! அது ரோடாவோட ஜாம்!"

"எந்த ரோடா?"

"எந்த ரோடாவா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உன் பக்கத்துல உக்கார்றாளே, அந்த ரோடா!"

ரோடா அக்கரையில் பிறந்து, எங்கள் ஊர் இறால் படகுக்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்து நாற்பது வருஷம் ஆகி, அவனும் செத்துப்போய், இன்னும் அவளுக்கு 'அக்கரைக்காரி' என்றுதான் பெயர். விளையாட்டாகத்தான் சொல்வோம். அவளும் சிரிப்பாள். எங்கள் பக்கத்துக் காட்டுப் பழத்தில், தன் அடுப்பில் ஜாம் காய்ச்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் வரும் ஒரு கடைக்குக் கொடுத்து வந்தாள். வரி வந்ததும் அந்தக் கடை கையை விரித்துவிட்டது. அதனால்தான் முதல் முறையாக முர்ரேயிடம் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த பழைய லேபிள் சீட்டுகளை வீணாக்க மனசு வராமல் அதையே ஒட்டியிருந்தாள். அதில் அந்தக் கடையின் விலாசம். நடந்தது அவ்வளவுதான்.

"ரெண்டாவது பெட்டியத் தூக்கிட்டு வந்தாளாம்" என்றேன். "தன் ஜாம் தலைகீழா நிக்கிறதப் பாத்தாளாம். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. பெட்டியோட திரும்பிப் போயிட்டாளாம். அப்புறம் சர்ச்சுக்கே வரலியாம். முர்ரே சொன்னான். உனக்குத் தோணலியா?"

கிளெண்டாவின் முகம் செத்துப்போயிற்று. "சளி புடிச்சிருக்கும்னு நெனைச்சேன்."

"அவ என்ன நெனைச்சிருப்பா? ஊரு தன்னையே கவுத்து வச்சிடுச்சுன்னுதானே? போய்ச் சொல்லு."

"என்னன்னு போய்ச் சொல்றது நோரீன்? பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடினவ நான்தான் உன்னைத் தலைகீழா நிறுத்தினேன்னா?"

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்குத் தைரியமும் மட்டு என்று அன்று கண்டேன். அவள் ரோடா வீட்டுக்குப் போகவில்லை. ஜாம் வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். சாயங்காலத்துக்குள் மறுபடி எல்லாம் கவிழ்ந்து நின்றன. வாங்க வந்த சனம் பின்பக்கத்தைப் படித்துக் கடமையைச் செய்துவிட்டுப் போயிருந்தது. மறுநாளும் அதே கதை. கவிழ்த்தவளே சொல்லட்டும் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. "நல்லாத்தான் பாடம் நடத்தியிருக்கே டீச்சர்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் கூத்து. கிளெண்டா ஜாமைத் தானே வாங்க ஆரம்பித்தாள். முட்டைக்கோசுக்கு அடியில் இரண்டு, ரொட்டிக்கு அடியில் மூன்று. என்னை நிமிர்ந்து பார்க்காமல் பணத்தை நீட்டுவாள். முர்ரே காலியான அலமாரியைப் பார்த்துவிட்டு ரோடாவுக்குப் போன் போட்டான். ரோடா காய்ச்சினாள், கொண்டுவந்தாள். சர்ச்சுக்கும் திரும்பி வந்துவிட்டாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரு என்னைக் கைவிடல நோரீன். ரெண்டு வாரம் தூங்கல தெரியுமா? மகன்கிட்ட கிளம்பி வந்துடறேன்னு கூடச் சொல்லிட்டேன்" என்றாள். அவள் மகன் அக்கரையில் இருக்கிறான். கிளெண்டா பக்கத்தில் நின்று கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், கேட்கவா வேண்டும்.

"இப்பவாவது சொல்லிடு" என்றேன்.

"சனிக்கிழமை சர்ச் சாப்பாட்டுல சொல்லிடறேன்."

அப்படி எத்தனையோ சனிக்கிழமை போயிற்று. "அதையாவது தின்னு தொலைக்கிறியா?" என்று ஒருநாள் கேட்டேன். "தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் கிளெண்டா காய்ச்சலில் படுத்தாள். எங்கள் ஊரில் ஒருத்தி படுத்தால் அடுத்த வேளை சாப்பாடு அவள் வீட்டுக்குத் தானாக வந்துவிடும். நான் மீன் சூப்போடு புறப்பட்டேன். வழியில் ரோடா ரொட்டியோடு சேர்ந்துகொண்டாள். கிளெண்டா வீட்டு ஜாம் இவள் கண்ணில் பட்டால்? ஆனாலும் என்ன செய்ய? போனோம்.

"நீ படு, நான் கிண்ணம் எடுக்கிறேன்" என்று ரோடா சமையலறைக்குள் போனாள். ஓர் அலமாரி திறந்து மூடுகிற சத்தம். இன்னொன்று திறந்தது. அது மூடவில்லை.

கிளெண்டா போர்வையை உதறிவிட்டு ஓடினாள். நான் பின்னால் நொண்டினேன். அலமாரி முழுக்க ஜாம். மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு, எல்லாப் பாட்டிலும் சிப்பாய் மாதிரி நேராக நின்றன. ரோடா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாமே நீதானா?" என்றாள் மெல்ல. "ஊர்ல வேற ஒருத்தரும் வாங்கலியா?"

"ரோடா…"

"பாவப்பட்டு வாங்கினியா கிளெண்டா? என்னைப் பாத்தா பிச்சைக்காரி மாதிரியா இருக்கு?"

"இல்ல" என்றாள் கிளெண்டா. "பாவம் இல்ல. பயம். மொதல்ல கவுத்தவளே நான்தான். பின்னாடி மேய்ன்னு படிச்சேன், கவுத்தேன். என்னைப் பாத்துத்தான் ஊரே கவுத்துது."

ரோடா அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு, "எழுத்தைப் படிச்சே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றாள். கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள், சூப்பை ஊற்றினாள், ரொட்டியை வெட்டினாள். எல்லாம் செய்துவிட்டுத்தான் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை சர்ச் கூடத்தில் ஊர்ச் சாப்பாடு. அவரை விதையும் ஆவியில் அவித்த கருப்பு ரொட்டியும், வழக்கம் போல. ரொட்டி அவிப்பது எப்போதும் ரோடாதான். அன்றும் வந்திருந்தாள், ஆனால் கூடத்துக்குள் தலை காட்டவில்லை. சமையலறையிலேயே இருந்தாள். கிளெண்டா தட்டைத் தொடாமல் எழுந்து நின்றாள். மூக்கு இன்னும் சிவப்பாக இருந்தது. குரல் மட்டும் பேருந்துக் குரல்.

"எல்லாரும் வாயை மூடுங்க. 'பழைய பாலம்' ஜாம் நம்ம ரோடா காய்ச்சினது. நம்ம காட்டுப் பழம். அதை மொதல்ல தலைகீழா வச்சது நான். தப்பு என்னுது. தெரிஞ்ச அப்புறமும் சொல்லாம ஒளிஞ்சுகிட்டிருந்தது அதைவிடப் பெரிய தப்பு. இன்னொண்ணு. நான் பொறந்ததே அக்கரை ஆஸ்பத்திரியில. அந்தக் காலத்துல உங்கள்ல பாதிப் பேர் அங்கதான் பொறந்தீங்க. விலாசத்தை வச்சுப் பாத்தா மொதல்ல என்னைத்தான் கவுக்கணும்."

யாரோ ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அந்த ஜாமைக் கவிழ்க்காத கை அங்கே எத்தனை இருந்திருக்கும்?

சமையலறைக் கதவு திறந்தது. ரோடா ரொட்டித் தட்டோடு வந்தாள். எங்கள் மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு ஜாம் பாட்டிலையும் வைத்தாள். அதில் சீட்டே இல்லை. பசையைக் கழுவித் துடைத்த வெறும் கண்ணாடி. கிளெண்டாவுக்கு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கிளெண்டாவின் கண் நிரம்பிவிட்டது. பாட்டிலைக் கையில் எடுத்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். எடுத்த கை, அது பாட்டுக்கு, பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது.

பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பாட்டிலோடு கை அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து ரோடாவைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அங்க ஒண்ணும் எழுதல, கிளெண்டா" என்றாள் ரோடா. "ரொட்டி ஆறுது. தடவு."