நான் அழித்த கரகரப்பு

என் பாட்டு வெளியாகி ஏழு மாதம் ஆகிறது. அதைக் கேட்டவர்கள் என்னிடம் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "அந்தக் குரல் என்ன சுத்தமா இருக்கு!" குரல் என் அண்ணனுடையது. சுத்தம் செய்தது நான்.

அண்ணன் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். என்னைவிட நான்கு வயது மூத்தவன். செங்கல்பட்டில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழே அவனும் அண்ணியும், மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் நானும் என் லேப்டாப்பும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று அங்கலாய்க்கிற சொந்தக்காரர்களிடம், "அவுளுக்கு அந்தப் பொட்டியோட எப்பவோ ஆயிட்சே" என்று சொல்லிவிடுவான். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மறைமலைநகர் பக்கம், மின்விசிறி மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. அது காதால் செய்கிற வேலை. ஓடவிட்ட மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். சத்தத்தில் லேசாக ஓர் உரசல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவேன். நான் ஒதுக்கிய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏதாவது ஒரு கோளாறு நிச்சயம் இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்வார். எனக்கு அதில் கர்வம் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாட்டு. நீங்கள் நினைக்கிற பாட்டு இல்லை, எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக். தாளத்திலிருந்து கடைசிக் கிணுகிணுப்பு வரை எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே உண்டாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆடுவதற்கென்றே செய்வது. முதல்முறை கேட்டுவிட்டு அண்ணன், "இன்னாடி இது, மிக்சியும் கிரைண்டரும் சண்ட போட்டுக்கினு கீது?" என்றான். அப்படிச் சொன்ன அதே ஆள், பஸ்ஸில் ஸ்பீக்கர் மக்கர் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் எனக்குத்தான் போன் போடுவான். வயர் தளர்ந்திருக்கிறதா, ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறதா என்று போனிலேயே கேட்டுச் சொல்லிவிடுவேன். "சவுண்டு மேட்டர்ல என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான்" என்று டிரைவரிடம் பீற்றிக்கொள்வான்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஒரு காதில் ஹெட்போன், அதில் முந்தின நாள் போட்ட தாளம். இன்னொரு காதில் அண்ணன். படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கூவிக்கொண்டிருந்தான்: "கயிக்குன்றம் கயிக்குன்றம் கயிக்குன்றம், மாபலிபுரம் ஏறு ஏறு ஏறு!" வருஷக்கணக்காகக் கேட்டுச் சலித்த கூவல். அன்றைக்கு அது என் தாளத்தின்மேல் வந்து சரியாக உட்கார்ந்தது. ஓர் அடிகூடப் பிசகவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவனிடம் சொன்னேன்.

"அப்ப நான்தான் ஹீரோவா?" என்றான்.

"ஆமாண்ணா."

"அப்டின்னா நாளிக்கு குளிச்சிட்டு டூட்டிக்கு வரேன்."

மறுநாள் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே அவன் கூவியதைப் பதிவு செய்தேன். அதை வைத்துப் பாட்டைக் கட்ட இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் தாளம் முழுக்க அடங்கி, அவன் கூவல் மட்டும் தனியாக நான்கு முறை வரும். ஐந்தாவது முறை "ஏறு" என்றதும் எல்லாம் சேர்ந்து விழும். ஆடுகிறவர்கள் காத்திருப்பது அந்த இடத்துக்காகத்தான். சென்னையில் இந்த வகைப் பாட்டுகளை வெளியிடுகிற ஒருவருக்கு அனுப்பினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் குரலுக்குப் பின்னால் வேறு பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது, மறுபடி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

அப்போது கத்திரி வெயில். ஒரு மத்தியானம் டூட்டி முடிந்து வந்த அண்ணனை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எதிரொலி வராமல் இருக்க நாலு பக்கமும் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தேன். ஃபேனையும் நிறுத்திவிட்டேன். வேர்வை ஒழுக ஒழுக, ஒரு போர்வையைப் பார்த்து "மாபலிபுரம் ஏறு" என்று கூவினான். கூவிவிட்டு இருமினான். தண்ணீர் குடித்தான்.

"தொண்ட கட்டிக்கினு கீதுடி. வெயிலு, தூசி."

"பரவால்லண்ணா. இன்னொரு வாட்டி."

இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று எத்தனை முறை சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. பதிவில் இருக்கிறது. பதினோரு முறை.

அவன் கீழே போனதும் இரண்டு பதிவுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குரலைக் கோடுகளாகக் காட்டும் படம் ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டில் எடுத்ததில், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும், அவன் குரல் சீப்பின் பற்கள்போலத் தனித்தனிக் கோடுகளாக இருந்தது. போர்வைக்கு நடுவில் எடுத்ததில் கோடுகள் கலங்கிக் கிடந்தன. கேட்டால் ஒரு கரகரப்பு. "ஏறு" என்னும் இடத்தில் மட்டும் குரல் இரண்டாகப் பிளந்து, காற்று ஒழுகியது. மைக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன். வயரை மாற்றிப் பார்த்தேன். மைக்கில் நானே பேசிப் பதிந்து பார்த்தேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல குரலைக் கெடுத்து வைத்திருக்கிறானே என்று அவன்மேல் எரிச்சல்தான் வந்தது.

அடுத்த பத்து நாள், வேலை விட்டு வந்ததும் அந்தக் கரகரப்போடுதான் குடித்தனம். ஓர் எழுத்தை மட்டும் பிடித்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நூறு தடவை, இருநூறு தடவை கேட்டேன். இரைச்சலை நீக்குகிற மென்பொருளை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சுரண்டி எடுத்தேன். எடுக்க முடியாத இடத்தில் பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். முகம் தெரியாத யாரோ செய்த மோட்டாரில் ஓர் உரசல் கேட்டால் கையை நீட்டி நிறுத்துகிற எனக்கு, கூடப் பிறந்தவன் தொண்டையில் கேட்ட உரசல் வெறும் அழுக்காகத் தெரிந்தது. மோட்டாருக்குக் கொடுத்த ஒரு சிவப்பு ஸ்டிக்கரை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

"இப்ப கண்ணாடி மாதிரி இருக்குங்க" என்றார் சென்னைக்காரர். பாட்டை வெளியிடுவது உறுதியாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனேன். அண்ணன் நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். "முழுங்கறப்ப முள்ளு மாட்னாப்ல கீது" என்றான். அவன் தட்டிலிருந்த லெக் பீஸை எடுத்துத் தின்றது நான்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

ஐப்பசி மழை பிடித்தபோது அவன் குரல் ரகசியம் பேசுவதுபோல் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவனுக்குப் பதில் டிரைவர் கூவிக்கொண்டிருந்தார். அவர்தான் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், குரல் எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"மழ பிடிச்சதுலேர்ந்துதான் சார்" என்றாள் அண்ணி.

அவள் பொய் சொல்லவில்லை. தினமும் கூடவே இருக்கிற குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். மே மாதத் தேதியோடு என்னிடம் ஃபைல் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா ரேடியேஷன்லயே முடிச்சிருக்கலாம்மா. குரலும் நின்னிருக்கும்" என்றார் டாக்டர், சதைத் துணுக்கைச் சோதித்த முடிவைப் பார்த்துவிட்டு. புற்றுநோய் என்ற சொல்லைவிட எனக்கு அந்த நாலஞ்சு மாசம்தான் செவிட்டில் அறைந்தது.

குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இனி மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்று, அண்ணி கொண்டு வந்த சட்டையின் பையில் அவனுடைய கண்டக்டர் விசில் கிடந்தது. எடுத்து வாயில் வைத்தான். கன்னத்தை உப்பி ஊதிப் பார்த்தான். காற்று வாய்க்கு வரவே இல்லை. கழுத்துத் துளையில்தான் உஸ் என்றது. விசிலைத் துடைத்துப் பழையபடி பைக்குள் போட்டுக்கொண்டான். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷனுக்கு மறுவாரமே பாட்டு வெளியாகிவிட்டது. தேதி முன்பே குறித்தது. நிறுத்த முடியுமா என்று சென்னைக்காரரிடம் கேட்டேன். எல்லா இடத்துக்கும் அனுப்பியாகிவிட்டது, இப்போது எடுத்தால் நன்றாக இருக்காது என்றார். நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எனக்குள்ளேயே ஒருத்தி அது வெளியாகட்டும் என்று காத்திருந்தாள். அவளை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. வெளியான காலையில் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். வாழ்த்துச் செய்தி வந்து வந்து போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலின் கடற்கரையில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். சாயங்காலம் நாலு மணி, நல்ல வெளிச்சம். அண்ணன் வேலை பார்த்த பஸ்ஸில்தான் போனேன். புதிதாக வந்த கண்டக்டர் கூவுவதில்லை, பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவதோடு சரி. கடற்கரையில் ஐ.டி. ஆட்கள், வெள்ளைக்காரர்கள், பொத்தேரியிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். தாளம் அடங்கியது. ஆளுயர ஸ்பீக்கர்களிலிருந்து அண்ணன் குரல் வந்தது. சளி, இருமல், வயசு எதுவும் இல்லாத குரல். ஐந்தாவது முறை மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கிக்கொண்டு "மாபலிபுரம் ஏறு!" என்று கத்தியது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண் என்னைக் கட்டிப்பிடித்து, பாடினது எந்த சிங்கர் என்று கேட்டாள்.

"பஸ் கண்டக்டர்" என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். படகுகளுக்குப் பின்னால் போய் மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் வெகுநாள் பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இப்போது அவன் பேசுவதெல்லாம் போனில் டைப் செய்து காட்டுவதுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியேறி வந்து போனை நீட்டினான். 'ஹீரோ பாட்டு எங்கடி.'

போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக்கொண்டு முழுதும் கேட்டான். பிறகு டைப் செய்தான். 'யாரு இது?'

"நீதாண்ணா."

இல்லை என்று தலையாட்டினான். 'என் கொரலு இப்டி இருக்காது. நான் கத்துனத போடு.'

பஸ் ஸ்டாண்டுப் பதிவைப் போட்டிருக்கலாம். அதில் ஹாரன் இருந்தாலும் குரல் நல்ல குரல். கை என்னவோ மே மாத ஃபைலுக்குத்தான் போயிற்று. மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நானே நினைத்தேனோ, தெரியவில்லை. அறைக்குள் அவன் கூவல், இருமல், தண்ணீர் குடிக்கும் சத்தம், நடுநடுவே என் "இன்னொரு வாட்டிண்ணா." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு சிரித்தான். தன் குரலைத் திரும்பக் கேட்ட சந்தோஷம். கொஞ்ச நேரம் போனதும் சிரிப்பு நின்றது. காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனான். திரையிலிருந்த தேதியை விரலால் தொட்டான். டைப் செய்ய வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

'அப்பவே கொரலு இப்டி இருந்துச்சா? உனுக்கு கேட்டுச்சா?'

எத்தனையோ நாளாக யாராவது என்னிடம் இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கேட்டுவிட்டால் அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று இருந்தேன்.

"இல்லண்ணா" என்றேன். "அது மைக் கோளாறு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சரி என்று தலையாட்டினான். சவுண்டு விஷயத்தில் நான் சொன்னதை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எழுந்து நின்று இன்னொரு வரி டைப் செய்து எனக்குக் காட்டினான். காட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனான்.

'அடுத்த வாட்டி நல்ல மைக்கா வாங்குடி.'