அலமாரியில் மிச்சம் பத்து பாட்டில்

என் வீட்டுக்காரரை ஊரே மூக்கர் என்றுதான் கூப்பிடும். ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தாலே கோளாறைச் சொல்லிவிடுவார். கறுத்திருந்தால் வெறும் பழசு, மாற்றினால் போதும். கருகல் வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தீய்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது புது எண்ணெய் ஊற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போய்விடும். கியர் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் சொன்னது தப்பியதில்லை. மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியது. நான் குளித்துவிட்டு ஓடி வருகிறேன், இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஜலதோஷம்" என்று மென்று விழுங்கினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

நேற்று டாக்சி ஓட்டும் ஒரு பெண்ணின் காரை இழுவை வண்டியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கியர் மாறும்போது எஞ்சின் மட்டும் கத்துகிறது, கார் நகரமாட்டேன் என்கிறது என்று பத்து நாள் முன்னால் வந்தவள். இவர் எண்ணெயை மாற்றி அனுப்பியிருந்தார்.

"பாலத்து மேல நின்னுடுச்சு அண்ணே. பின்னால பஸ். மயிரிழையில தப்பிச்சேன். நீங்கதானே மோந்து பாத்தீங்க?"

"பழைய பெட்டிம்மா. எப்படியும் போயிருக்கும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அன்று தீய்ந்த பால் ஞாபகம் வந்தது. வடித்த எண்ணெயை வண்டி நம்பர் ஒட்டி மூன்று மாசம் அலமாரியில் வைத்திருப்பது எங்கள் பட்டறை வழக்கம். அவள் கார் நம்பர் போட்ட பாட்டிலை எடுத்துத் திறந்தேன். குப்பென்று அடித்தது. இத்தனை வருஷம் அவர் சட்டையைத் துவைத்தவளுக்குக் கருகல் தெரியாதா?

"ஏங்க, இது உங்களுக்கு நாறலயா?"

வாங்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"எனக்கு வாசனையே தெரியலம்மா. காய்ச்சல் வந்ததுலேருந்து, ரெண்டு மாசமாச்சு. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். தப்பு என்னோடதுதான். பெட்டிய நானே சரி பண்ணித் தரேன்."

அவள் கார் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது.

"மூக்கு போன மூக்கர்கிட்ட எவன் வண்டிய விடுவான், சொல்லு."

அந்த இரண்டு மாசத்து பாட்டில்களில் மிச்சம் இருந்த பத்தையும் அவரே இறக்கி வரிசையாக வைத்தார். "மோந்து சொல்லு."

மூன்றில் கருகல் இல்லை, தள்ளி வைத்தேன். நான்காவதில் அதே கருகல். நம்பரைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன்.

அவரும் நம்பரைப் பார்த்தார். ஃபோனை எடுத்தார். "வண்டிய எடுக்காதீங்க" என்றார், யார் பேசுகிறது என்றுகூடச் சொல்லாமல்.