நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் அறை

கப்பலில் கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டும் என்று கொச்சியிலிருந்து ஏஜென்ட் போன் செய்தபோது, நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா என்றுதான் முதலில் கேட்டேன். அவர் மலையாளம் கலந்த தமிழில், "நீ பாட்டு வாசிக்கானல்லே போறது, மீன் பிடிக்கவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பிச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் உத்தமபாளையத்தில் இருந்தேன். கம்பம், சின்னமனூர், போடி என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் திருவிழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் போகிற இசைக்குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தேன். சித்திரையிலும் வைகாசியிலும் தூங்க நேரம் இருக்காது. புரட்டாசி, மார்கழி வந்தால் கீபோர்டின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, மைக் செட் கடையில் ஒயர் பற்றவைத்துக்கொண்டிருப்பேன். சீசன் இல்லாத மாதங்களில் லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளியில் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும்போது வாசிப்பதும் உண்டு. அங்கேதான் ஏஜென்ட் என் வாசிப்பைக் கேட்டிருக்கிறார்.

தண்ணீர் என்றால் எனக்கு ஆகாது. ஊரை ஒட்டி முல்லையாறு ஓடுகிறது. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு சனிக்கிழமை குளிக்கப் போனான். மேலே லோயர் கேம்ப் மின்நிலையத்திலிருந்து தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டிருந்தார்கள். கரையில் அவன் சட்டையும் டிரவுசரும் மடித்தபடி கிடந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் நான் இறங்கியதில்லை. பாலத்தைத் தாண்டும்போதுகூட நடுவில்தான் நடப்பேன். பஸ்காரன் ஹாரன் அடித்தாலும் ஓரம் போகமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஏஜென்ட் மறுபடி பேசினார். கப்பலில் வேலை செய்கிற யாராக இருந்தாலும், சமையல்காரர் முதல் பாடகர் வரை, பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டுமாம். அதில் உயரத்திலிருந்து குளத்தில் குதிக்க வேண்டுமாம். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் தயாராகிவிட்டதா என்று கேட்டார்.

வீட்டில் ஏற்கெனவே சண்டை. சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் கடல் கிடையாது. என் அம்மாவுக்குக் கடல் என்றால் அந்த டிவியில் பார்த்த கறுப்புத் தண்ணீர்தான். மகன் அதன் மேல் போய் மாதக்கணக்கில் இருப்பான் என்பதை அவரால் நினைக்கவே முடியவில்லை. என் மனைவி மட்டும் போகட்டும் என்றாள். அவள் என் அத்தை மகள், ஜெயமங்கலத்துக்காரி. நீச்சல் விஷயத்தை அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கென்ன, எங்கய்யா தோட்டத்துல கெணறு இருக்குல்ல" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜெயமங்கலத்துக்குப் போனோம். வாழைக்கு நடுவே இருந்தது அந்தக் கிணறு. பம்புசெட் ரூமை ஒட்டிக் கல் படிகள் உள்ளே இறங்கும். நான் மேல் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். பச்சையாக, அடி தெரியாமல் இருந்தது. என் மனைவி பழைய சுடிதாரோடு இரண்டு படி இறங்கி, அப்படியே முன்னால் விழுந்தாள். அவள் தலை மறுபடி மேலே வரும்வரை மேல் படியின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காலியான மண்ணெண்ணெய் கேனை என் முதுகில் கட்டிவிட்டாள். முதல் நாள் நான் படியைப் பிடித்த கையை விடவே இல்லை. இரண்டாம் நாள் விட்டேன், உடனே மூழ்கப் போவதாக நினைத்துக் கையையும் காலையும் உதைத்து அவள் மூக்கில் இடித்துவிட்டேன். ரத்தம் வந்தது. அவள் அதைத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டாள். "மாமா, தண்ணி உங்கள ஒண்ணும் செய்யாது. நீங்கதான் அதப் போட்டு அடிக்கிறீக" என்றாள்.

பயத்தை விடுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் அது போகவில்லை. ஆனால் பயந்துகொண்டே மிதக்கலாம் என்பது மட்டும் தெரிந்தது. மாமனார் மோட்டார் போட வருவதுபோல வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு மாதத்தில் கேன் இல்லாமல் கிணற்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். நடுவில் கீழே பார்க்கக் கூடாது. ஒருமுறை பார்த்துவிட்டு, அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன்.

பிறகு பாதுகாப்புப் பயிற்சி. அங்கே குளத்து மேடை மேலே ஏறி, குதிக்காமல் ஒருமுறை கீழே இறங்கிவிட்டேன். பயிற்சி கொடுத்தவர் திட்டவில்லை. வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னார். மறுபடி என் முறை வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன். உயிர்காப்பு அங்கி என்னை மேலே தூக்கியது. குளோரின் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தேன். நான் தேறிவிட்டேன்.

சிங்கப்பூரில் கப்பலைப் பார்த்தபோது, அது கப்பல் என்றே தோன்றவில்லை. மதுரையில்கூட அவ்வளவு பெரிய கட்டடத்தை நான் பார்த்ததில்லை. இந்தியாவிலிருந்து சுற்றுலாக் குழுக்கள் நிறைய வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்காக இந்திப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் வாசிக்க எங்கள் குழு. மேலே கண்ணாடி விளக்கும் கம்பளமுமாக இருந்த கூடத்தில் சாயங்காலம் வாசிப்போம். அங்கே நிற்கும்வரை கடல் இருப்பதே மறந்துபோகும். தூங்கத்தான் கீழே போக வேண்டும்.

எங்கள் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. என்னோடு இருந்தவர் பிலிப்பைன்ஸ்காரர், இன்னொரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் படுத்ததும் தூங்கிவிடுவார். என் தலைமாட்டில் இரும்புச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். யாரோ பெரிய துணியைத் தரையில் போட்டு இழுப்பதுபோல. முதல் வாரம் நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தேன்.

வாசிப்பவர்களுக்குக் கப்பலில் இன்னொரு வேலை இருக்கிறது என்பது பயணிகளுக்குத் தெரியாது. ஆபத்து என்றால் நாங்கள் ஒரு தளத்தில் போய் நின்று, பயணிகளை வரிசையாக நிறுத்தி, உயிர்காப்பு அங்கியைப் போட்டுவிட்டு, தலைகளை எண்ண வேண்டும். வாரம்தோறும் ஒத்திகை நடக்கும். ஆரஞ்சுத் தொப்பி ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் தலையில் வைக்கும்போதெல்லாம் இது என்றைக்கும் ஒத்திகையாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கூடத்தில் சாயங்காலத்துக்கான ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குகள் அணைந்தன. ஏசி நின்றது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மூன்று மாதமாகக் காலுக்கடியில் ஓயாமல் ஒரு நடுக்கம் இருந்திருக்கிறது, அது இப்போது இல்லை. இன்ஜின் நின்றுவிட்டது. அவசர விளக்கு மங்கலாக எரிந்தது. பிறகு கப்பலின் ஆபத்து ஊதல். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அன்றைக்கு ஒத்திகை இல்லை.

என் கால்கள் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. கீபோர்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரம்ஸ்காரர் ஓடிவந்து என் தொப்பியை எடுத்து என் தலையில் அழுத்தி வைத்து, முதுகில் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அதன் பிறகுதான் நகர்ந்தேன்.

என் தளத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. இன்ஜின் அறையில் தீ என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், கட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார்கள். ஓட்டம் நின்ற கப்பல் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. சாயும்போதெல்லாம் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் கடல் மேலேறி வருவதுபோலத் தெரியும். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றேன். ஒருவர் பின் ஒருவராக அங்கியைப் போட்டு வாரை இறுக்கினேன். ஒவ்வொரு பக்கிளையும் இரண்டு மூன்று முறை மாட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. படகுகளைத் தளத்தின் மட்டத்துக்கு இறக்கினார்கள். அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டதும், முதல் படகில் ஏறிவிட வேண்டும் என்று என் உடம்பு முழுக்க ஓர் எண்ணம் ஓடியது. நான் கடைசியில் ஏற வேண்டியவன்.

அப்போது ஓர் அம்மா வரிசையை விட்டு விலகிப் படிக்கட்டை நோக்கி ஓடினார். மதுரையிலிருந்து சுற்றுலாக் குழுவோடு வந்தவர், முந்தின நாள் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர். நான் போய்ப் படிக்கட்டை மறித்து நின்றேன். கணவர் மேலே நடக்கப் போயிருந்தாராம், இன்னும் வரவில்லையாம். கீழே போகவோ மேலே போகவோ யாரையும் விடக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த கட்டளை. அவர் என்னைத் தள்ளினார். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க தம்பி. பொட்டி வாசிக்கிற ஆளுக்கு என்ன தெரியும்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். அது பொய்யில்லை. "ஐயா எங்கன இருந்தாலும் அங்கன பக்கத்துல ஒரு இடத்துல அவுகளயும் நிப்பாட்டியிருப்பாக. நீங்க மேல போனா அவுக எறங்கி வந்து ஒங்களத் தேடுவாக."

என் பேச்சைக் கேட்டு அவர் நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். தேனிப் பக்கம் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஒங்களுக்கு நீச்சத் தெரியுமா?"

"தெரியும்மா. என் வீட்டுக்காரி கெணத்துல வச்சுச் சொல்லிக் குடுத்தா."

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு விடவில்லை. ஒரு கையை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் தலைகளை எண்ணினேன். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது. அடுத்த தளத்தின் பெயர்களை வாக்கிடாக்கியில் வாசித்தபோது, அவர் கணவரின் பெயர் வந்தது. அந்த அம்மா அழவில்லை. என் கையை இன்னும் இறுக்கினார், விரலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போனது.

பொழுது சாய்கிற நேரத்தில் தீ அணைந்தது. யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. படகில் யாரும் ஏற வேண்டி வரவில்லை. மறுநாள் இழுவைப் படகுகள் எங்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோயின. அங்கே டெலிபோனுக்கு வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசினேன். என் மனைவி எடுத்தாள். டிவியில் செய்தி கீழே ஓடியிருக்கிறது. அம்மா பார்த்துவிடக் கூடாது என்று கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தெரு முழுக்கக் கேபிள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கேட்டு அம்மா அங்கே போய்ப் பார்த்துவிட்டார்.

"அத்தை நேத்துலருந்து சோறு திங்கல. நீங்க பேசுங்க" என்றாள். பிறகு, அம்மாவிடம் கொடுப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "தண்ணிக்குள்ள எறங்குனீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது கேட்டது. இவ்வளவு நாளும் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

ஒப்பந்தம் முடியும்வரை இருந்தேன். நடுவில் விட்டுப் போனால் இனி எந்தக் கப்பலுக்கும் அனுப்ப முடியாது என்று ஏஜென்ட் சொன்னார். கப்பலைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். அதே அறை, அதே இரும்புச் சுவர். உயிர்காப்பு அங்கியைத் தலையணையாக வைத்துப் படுத்தேன். டிரம்ஸ்காரர் அதைப் பார்த்தார். சில நாள் கழித்துப் பார்த்தால், அவர் தலைமாட்டிலும் ஒன்று இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மேடை பழகியது, சாப்பாடு பழகியது, சாய்ந்து நடப்பது பழகியது. கீழே இறங்கும் படிக்கட்டு மட்டும் பழகவில்லை. மகள் பிறந்த வருஷம் ஏஜென்ட் கூப்பிட்டபோது முடியாது என்றேன். அவர் காரணம் கேட்டார். குழந்தை என்று சொன்னேன். பாதிதான் உண்மை.

போன மாசி மாதம் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மதிய வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. உள்ளே ஜன்னல்கள் குறைவு, இருட்டிவிட்டது. ஜெனரேட்டர் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. வெளிச்சம் வந்தபோது நான் மேடையில் இல்லை. பந்தி ஹாலுக்குப் போகும் வழியில் இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, பந்திக்கு விடமாட்டீகளா?" என்று கேட்டார்.

நான் வழி விட்டேன். மேடையிலிருந்து பாடகி என்னைக் கூப்பிட்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்து, பாட்டு எந்த இடத்தில் நின்றது என்று அவளிடம் கேட்டேன்.