மூன்று சீரில் முடிந்த அடி

2011 வாக்கில் ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷினில் இருந்தேன். எனக்கு ஊர் பக்கத்திலேயே, வடக்குப்பட்டு. என்னோடு அதே மிஷினில் நின்றவன் திருநெல்வேலிக்காரன். பத்தாவது பாஸானால்தான் பெர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தனியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

டுடோரியலில் கடற்படை வீரர்களைப் பற்றி ஒரு பாட்டு கொடுத்தார்களாம். சீர் பிரிக்க வேண்டும், எதுகை சொல்ல வேண்டும், என்ன பா என்று எழுத வேண்டும். மூன்று அடி மனப்பாடம் ஆகியிருந்தது. அதை வேலை செய்துகொண்டே சொல்வான். சீருக்குச் சீர் தலை ஆடும். கையும் அதே கணக்கில் போகும். முதல் சீருக்கு அடித்த பீஸை எடுப்பான். இரண்டாவதுக்குப் புதுத் தகட்டை வைப்பான். மூன்றாவதுக்குக் கையை வெளியே இழுப்பான். நான்காவதுக்கு நான் பட்டனை அமுக்குவேன். அச்சு இறங்கும். பழைய மிஷின். பட்டன் என் பக்கம் மட்டும்தான்.

ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸில் கடைசி அடியையும் சொன்னான்.

"கடல்காக்கும் எங்கள் படை. எண்ணிப் பாருல. மத்த அடியெல்லாம் நாலு சீரு, இது மூணு. அதாம்ல வெண்பா. எல்லா அடியிலயும் ரெண்டாம் எழுத்து 'ட' வருதுல்லா, அது எதுகை."

"நாலாவது சீரை எவன் துன்னான்?" என்றேன்.

"ஒன்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு" என்று சிரித்தான்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் குரல் கேட்காது. உதடும் தலையும்தான் தெரியும். ஓர் அடி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில்தான் எனக்கு உறைத்தது. கடைசி அடிக்கு மூன்றுதானே. கையை இழுத்ததும் பாட்டு முடிந்துவிடும். உடனே முதல் அடியைப் பிடிப்பான், நான் அமுக்குகிற நேரத்தில் கை உள்ளே இருக்கும்.

கத்தினேன். அவன் காதில் பஞ்சு.

எடுத்தான். வைத்தான். இழுத்தான். என் விரல் பட்டன் மேல் இருந்தது. அமுக்கவில்லை. அவன் கை திரும்ப உள்ளே போனது, மணிக்கட்டு வரைக்கும். அடிக்காத தகடு விரலில் பட்ட பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாபா, லைன் நிக்குது? தூங்கிகினு கீறியா?"

அவன் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் பாட்டெல்லாம் பஸ்ஸோடு சரி. அந்தக் கையால்தான் பரீட்சை எழுதினான். பாஸ்.

அன்றைக்குப் பஸ்ஸில் நான் தூங்கியிருந்தால் விரல் தன்பாட்டுக்கு அமுக்கியிருக்கும். இப்போதெல்லாம் கூட நிற்கிறவன் எது பேசினாலும், புரிகிறதோ இல்லையோ, காது கொடுத்துக் கேட்டுவிடுகிறேன்.